மாஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்

ஸ்கூல் லீவு விட்டாயிற்று. காருக்குக் காற்றடித்தாயிற்று, வேளாங்கண்ணியில் ரூம் போட்டாயிற்று, ஊட்டிக்குப் போகிறவர்கள் இ-பாஸும் எடுத்தாயிற்று. ரொம்ப நல்லது. வேர்க்கடலை ஆகாத உங்கள் மகனும் பால் ஆகாத உங்கள் மகளும் வழியில் எங்கே, என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் "போற இடத்துல பார்த்துக்கலாம்" என்கிறீர்கள். யார் பார்த்துக்கொள்வது? சர்வரா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது. சாந்தோமில் ஸ்கூல் கேட்டருகே நின்று இன்ஹேலர், ஊசி, டாக்டர் ஃபீஸ் என்று பேசிக்கொள்கிற நாலைந்து குடும்பங்களில் நாங்களும் ஒன்று. அந்த உரிமையில் திட்டுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேராலயத்தில் பூசை முடிந்து பாதிக் கூட்டம் டிபனுக்குக் கிளம்பிவிட்டது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்தது தெரிந்த குடும்பம்தான். அந்தம்மா நாலு பேருக்கும் மளமளவென்று ஆர்டர் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு மட்டும் கடலை கொஞ்சம் இல்லாம பார்த்துக்கோங்க" என்றார். சர்வர் அதற்குள் பாதி திரும்பியிருந்தார். "சரி மேடம்" என்று பதில் சொன்னது அவர் முதுகு. பொடி தோசை வந்தது, ரவா தோசை வந்தது, பொங்கல் வந்தது. எல்லோருக்கும் ஒரே சட்னித் தூக்கு, கரண்டி காரச் சட்னியிலிருந்து வெள்ளைச் சட்னிக்குத் தாவியது. பையனின் இலையில் என்ன விழுந்தது என்று யாரும் திரும்பிக் கேட்கவில்லை. அதே அம்மா, சாம்பார் ஆறியிருக்கிறது என்று சூடாக வரவழைத்தார். வடை எண்ணெய் குடித்திருக்கிறது என்று மானேஜரையே கூப்பிட்டுச் சொன்னார். அப்போது குரல் கணீரென்று இருந்தது.

இந்தக் கூச்சம்தான் எனக்குப் புரியவே இல்லை. ஆறிய சாம்பாருக்கு எழும்புகிற குரல், பிள்ளையின் தொண்டை அடைத்துக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது? பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பாரா? பார்க்கட்டும். மாமியார், "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்பாரா? சொல்லட்டும்.

மயிலாப்பூரிலோ தி. நகரிலோ ஏதாவது ஹோட்டலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சௌகார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம், "ஜெயின், வெங்காயம் பூண்டு கூடாது" என்று எடுத்த எடுப்பில் சொல்கிறது. மாலை போட்ட சாமி, அசைவம் சமைக்கிற கடையா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். பிரியாணிக் கடையில் ஹலாலா என்று கேட்கிறார்கள். பேக்கரியில், முட்டை போடாத கேக்தானே என்று நாமே ரெண்டு தடவை கேட்கிறோம். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. தனிக் கரண்டி, தனிச் சட்டி, தனி எண்ணெய் வைத்துச் செய்துதருகிறார். ஒன்றோடொன்று கலக்காமல் சமைக்க நம்மூர் அடுப்படிக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை, அது காலங்காலமாகச் செய்துவருவதுதான். விரதத்துக்குக் கேட்டால் செய்கிறவர், பிள்ளைக்கு மூச்சுத் திணறும் என்றால் செய்ய மாட்டாரா? கேட்டால்தானே செய்வார்!

நம் ஜனங்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே உணவு அலர்ஜி அவ்வளவு பரவலாக இல்லை. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் ஆயிரத்தில் இருவருக்கும் குறைவானவர்களிடம்தான் அது தென்பட்டது. ஹோட்டல் மாஸ்டர் தம் சர்வீஸில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அதனால் அவருக்குத் தானாகத் தோன்றாது. நாம்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் இல்லாம" என்பதெல்லாம் விளக்கம் ஆகாது.

சர்வரிடம் சொன்னால் போதாதா? போதாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து, தமிழை இன்னும் கூட்டிக்கூட்டிப் பேசுகிற பையனாக இருப்பார். சட்னியில் என்ன அரைத்தார்கள் என்று அவருக்குக் காட்டியிருக்கவே மாட்டார்கள். தெரியாது என்று சொன்னால் மானேஜர் திட்டுவார் என்பதால், "அதெல்லாம் இருக்காது மேடம்" என்பார். அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் வர முடியாவிட்டால் நீங்கள் எழுந்து உள்ளே எட்டிப் பாருங்கள்.

எட்டிப் பார்த்தால் நிறையத் தெரியும். தோசைக்கல் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். பொடி தோசையை எடுத்த கல்லில் மாஸ்டர் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்து, அடுத்த மாவை ஊற்றுகிறார். பொடியில் எள் உண்டு, சில கடைகளில் வேர்க்கடலையும் உண்டு. அந்த விளக்குமாறு விடிகாலையிலிருந்து எத்தனை பொடியை, எத்தனை நெய்யைத் தள்ளியிருக்கும்! உங்கள் பிள்ளைக்குச் சொன்ன சாதா தோசை அதே கல்லில்தான் வேகிறது. ரவா தோசையில் முந்திரி போடுகிறார்கள். பொங்கல் முந்திரி கண்ணுக்குத் தெரிகிறதே, பொறுக்கி எடுத்துவிடலாம் என்பீர்கள். அந்த முந்திரி வறுபட்ட நெய் பொங்கல் முழுக்க ஓடியிருக்கிறதே, அதை எப்படிப் பொறுக்குவீர்கள்? வெள்ளைக் குருமாவிலும் பன்னீர் பட்டர் மசாலாவிலும் முந்திரி, அரைத்த விழுதாகப் போய்விடுவதால் கண்ணுக்கே தெரியாது. முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. ஐஸ்கிரீம் கடையில் இதை மறந்துவிடுகிறோம்.

வெள்ளைச் சட்னி என்றால் வெறும் தேங்காய் என்று நினைப்பு. பொட்டுக்கடலை சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். கெட்டியாக வர வறுத்த வேர்க்கடலை அரைத்துச் சேர்க்கிற கடைகளும் இருக்கின்றன. கேட்கும்போது 'கடலை' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா என்று அவர் குழம்பி, எதற்கோ பதில் சொல்வார்.

இப்போது எங்கு பார்த்தாலும் 'மரச்செக்குக் கடலை எண்ணெயில் சமைத்தது' என்று பெருமையாகப் போர்டு வைக்கிறார்கள். நமக்கும் ஆரோக்கியம் என்று ஒரு திருப்தி. வேர்க்கடலை அலர்ஜிப் பிள்ளைக்கு அந்தப் போர்டு அபாய அறிவிப்பு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அலர்ஜியைக் கிளப்புகிற புரதம் ஏறக்குறைய நீக்கப்பட்டிருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கியிருக்கும். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துப்போகும் என்று ஒரு சித்தப்பா எப்போதும் சொல்வார். வேர்க்கடலைப் புரதம் அவர் சொல்பேச்சைக் கேட்பதில்லை.

அசைவம் சாப்பிடுகிற வீடுகளுக்கு இன்னொரு பட்டியல். இறால் வறுத்த எண்ணெயில்தான் காலிஃபிளவரும் குளித்து எழும். பரோட்டா மாவில் முட்டை போடுகிற கடை உண்டு. சிக்கன் 65, தந்தூரி, பிரியாணி எல்லாம் தயிரில் ஊறியவை. நம் பேட்டையில் லூப் ரோட்டோரம் மாலையில் மீன் வறுக்கிற வாசனைக்கு ஊரே நிற்கும். மீனும் இறாலும் கடுமையாக ஆகாத சில பிள்ளைகளுக்கு அந்த ஆவியே போதும், சாப்பிடக்கூட வேண்டாம். அவர்களை இழுத்துக்கொண்டு போய்க் கடையோரம் நிற்காதீர்கள்.

தயிர் என்றதும் ஓவன் கேரி நினைவுக்கு வருகிறான். 2017 ஏப்ரல் 22, அவனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். லண்டனில் ஒரு பர்கர் கடையில் சிக்கன் கேட்டான். தனக்குப் பால் ஆகாது என்று கடைக்காரர்களிடம் சொல்லியும் இருந்தான். சிக்கன் மோரில் ஊறியது என்று மெனுவில் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தேம்ஸ் நதிக்கரையில் சுருண்டு விழுந்தான், பிழைக்கவில்லை. 'சிக்கன்தானே, இதில் பால் எங்கே வந்தது' என்று நாமும் இங்கே அப்படித்தான் வாங்கிக் கொடுக்கிறோம்.

பால் வில்சனின் சாவு இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறது. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓர் இந்திய உணவகத்தில் சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். கொட்டை வகை எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார். பார்சல் மூடியிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே, பாதாம் பொடிக்குப் பதிலாக விலை மலிவான வேர்க்கடலை கலந்த பொடி. முதலாளி செலவைக் குறைக்கப் பார்த்தார். மூன்று வாரம் முன்பு அவருடைய இன்னொரு கடையில் சாப்பிட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தும் அவர் திருந்தவில்லை. 2016இல் நீதிமன்றம் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மூடியில் எழுதியதை நம்பிச் சாப்பிட்ட வில்சன் வீட்டில் இறந்து கிடந்தார். ஆகவே, "போன மாசம் இதே கடையில சாப்பிட்டோமே, ஒண்ணும் ஆகலையே" என்று என்னிடம் சொல்லாதீர்கள். போன மாதத்து மசாலா வேறு, மாஸ்டரே கூட வேறு. ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும்.

சட்டம் காப்பாற்றாதா என்கிறீர்களா? லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தந்தையோடு நீஸ் நகரத்துக்கு விமானம் ஏறிய பதினைந்து வயது நட்டாஷா எட்னன்-லாபெரூஸ் 2016 ஜூலையில் இறந்தாள். ரொட்டி மாவுக்குள் எள் இருந்தது, லேபிளில் இல்லை. விமானத்திலேயே தந்தை இரண்டு அட்ரினலின் ஊசி போட்டும் பலிக்கவில்லை. கடையிலேயே செய்து கட்டிவைக்கிற உணவிலும் முழு விவரம் எழுத வேண்டும் என்று அவள் பெயரில் சட்டம் வர 2021 அக்டோபர் ஆயிற்று. அமெரிக்காவில் எள்ளை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் அலர்ஜிப் பொருள் பட்டியல் ஒன்று உண்டு: கோதுமை வகை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை மற்றும் கொட்டை வகை, சோயா, சல்ஃபைட். பாக்கெட்டில் இவை இருந்தால் அச்சிட வேண்டும். மத்திய உரிமம் பெற்ற கடைகளும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ளவையும் மெனுவிலேயே சொல்ல வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. நல்லெண்ணெயில்லாத தமிழ்நாட்டு அடுப்படி எது? அப்புறம், நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற மோட்டலுக்கு ஏது பத்துக் கிளை? சட்டத்தை நம்பி விழுப்புரம் தாண்டிப் போகாதீர்கள்.

மருந்துக்கு வருகிறேன். உங்கள் கைப்பையைத் திறந்தால் செட்ரிசின் பட்டையும் ஏவில் மாத்திரையும் இருக்கின்றன. தடிப்புக்கும் அரிப்புக்கும் அவை சரி. குரல் கம்மி, இருமல் விடாமல் வந்து, பிள்ளை துவண்டு போகிறபோது அவற்றால் ஆகாது. அப்போது வேண்டியது அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கச் சதையில், தாமதிக்காமல். வெளிநாட்டில் பேனா மாதிரி ஒரு தானியங்கி ஊசி அலர்ஜி உள்ள பலர் பையில் இருக்கிறது. நம்மூர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைப்பதில்லை. சாதாரண அட்ரினலின் ஆம்பியூல் கிடைக்கும், விலையும் சொற்பம். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்று உங்கள் குழந்தைகள் டாக்டரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எடுத்துப் போங்கள். பாதிப் பேர் டாக்டரிடம் இதைக் கேட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயும் கூச்சம்!

ஊசி போட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று பயணத்தைத் தொடரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மறுபடி வரலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரவிடுங்கள், எழுப்பி நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வேளாங்கண்ணிக்கு ஈ.சி.ஆர் வழியாகப் போகிறவர்கள் எங்கே நிறுத்திச் சாப்பிடலாம் என்பதை பிரியாணியின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியைப் பார்த்து முடிவு செய்கிறேன். புதுச்சேரியில் ஜிப்மர், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர், பிறகு காரைக்கால், நாகப்பட்டினம். இவற்றுக்கு நடுவே பசித்தால் கையில் இருப்பதைச் சாப்பிடுவோம். திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு விழுப்புரத்துக்குச் சற்று முன்பே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கையில் இருப்பது என்றால் கட்டுச்சோறு. நம் பாட்டிமார் அது இல்லாமல் ரயிலேறியதில்லை. நமக்குத்தான் அது கௌரவக் குறைவாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: புளியோதரையில் வேர்க்கடலையும் எள்ளுப்பொடியும், இட்லிப் பொடியில் எள்ளும் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி கட்டுங்கள். வெளி மாநிலம் போனால், என்ன ஆகாது என்பதை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பதி போகிறவர்களுக்குத் தெலுங்குச் சீட்டு அவசியம் வேண்டும், அங்கே பல்லி என்றால் வேர்க்கடலை, பல்லிச் சட்னி இல்லாத காலை டிபன் அபூர்வம்.

அலர்ஜி இல்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். டூர் போன இடத்தில், "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுடா கண்ணா" என்று கடலை மிட்டாயை ஊட்ட வருகிறது உங்கள் கைதான். அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் தொன்னையில் புளியோதரையை வாங்கிக் கொடுத்துவிட்டு, "சாமி பிரசாதம், ஒண்ணும் செய்யாது" என்றதும் நீங்கள்தான். பக்தியில் எனக்கும் குறைவில்லை. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நானே சாப்பிட்டுவிடுகிறேன், பிள்ளையை விட்டுவிடுங்கள்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் ஒரு சின்ன மெஸ். கூட்டம் ஏறுமுன் காலையிலேயே போய், மாஸ்டரைப் பார்க்கணும் என்றேன். நெற்றி வியர்வையைத் தோள் துண்டில் துடைத்தபடி வந்தார். "பாப்பாவுக்கு வேர்க்கடலை, முந்திரி ரெண்டும் ஆகாது அண்ணா, பட்டாலே மூச்சு அடைச்சுடும், ஆஸ்பத்திரிதான்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "பொங்கல் கேக்காதீங்கம்மா. தோசையும் வேணாம், கல்லு ஒண்ணுதான் இருக்கு. இட்லி தர்றேன், இந்த ஈடு இப்பதான் இறக்கினேன். சட்னி நம்பாதீங்க, சாம்பார்ல ஒண்ணும் இல்ல, நானே கரண்டி கழுவி ஊத்தறேன்" என்றார். சொன்னபடி அவரே கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார்தான். பார்த்துவிட்டு, தன் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, அவளே கேட்கிறாள். எதைக் கேட்க வேண்டும் என்று எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். நீங்கள் முணுமுணுத்தால் உங்கள் பிள்ளையும் முணுமுணுக்கும்.

எல்லா மாஸ்டரும் அப்படி இருக்க மாட்டார்கள். "அதெல்லாம் பார்த்துச் செய்ய முடியாதும்மா" என்பவர் நல்லவர், அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சட்டியைப் பார்க்காமலே "ஒண்ணும் இருக்காது" என்று கையாட்டுகிறவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். அங்கே உட்கார்ந்துவிட்டோமே, தண்ணீர் டம்ளர் வைத்துவிட்டார்களே என்று சங்கடப்பட்டுக்கொண்டு ஆர்டர் கொடுக்காதீர்கள். எழுந்து வாருங்கள். குடித்த தண்ணீருக்கு எந்த ஹோட்டலிலும் பில் போடுவதில்லை.